ஆறு மா நெல்லும் என் பேஸ் கிடாரும்

எங்கள் குழுவில் என் இடத்துக்கு இப்போது யாரும் இல்லை. கீபோர்டு வாசிக்கிற பையனின் இடது கை இருக்கிறது. வலது கையால் புல்லாங்குழல், வயலின், மழை, இடி எல்லாம் வாசித்துவிட்டு, மிச்சம் கிடக்கிற இடது கையால் என் முப்பது வருட வேலையைப் பார்த்துக்கொள்கிறான். ஐம்பது வயதில் எனக்குக் கிடைத்தது பணி ஓய்வு என்று நான் சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் வேறு வார்த்தை சொல்கிறார்கள்.

அந்தப் பையன் நல்லவன். போன மாதம் வீட்டுக்கு வந்து, "சார், மேடையில நீங்க எப்பவாவது பயந்திருக்கீங்களா?" என்று கேட்டான். பயப்படாத நாள் எது என்று கேட்டிருந்தால் யோசித்தாவது பார்த்திருப்பேன். மின்சாரத்துக்குப் பயம், மழைக்குப் பயம், குடித்துவிட்டு மேடையேறுகிற மாப்பிள்ளைத் தோழர்களுக்குப் பயம். பேஸ் கிடார் பெரிய வாத்தியமாக இருப்பதே வாசிப்பவன் ஒளிந்துகொள்ளத்தான் என்று நம்பியவன் நான். இருந்தாலும் அவன் கேட்டதிலிருந்து வலங்கைமான் பக்கத்து ஒரு மத்தியானம் மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. அவனிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன். அவனிடம் கொஞ்சம் வீரமாகச் சொன்னேன். எழுத்தில் அவ்வளவு துணிச்சல் வரவில்லை.

நான் வாத்தியம் கற்ற கதை சுருக்கமானது. தஞ்சாவூரில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. சூசை மாஸ்டரின் மெல்லிசைக் குழுவுக்கு ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கப் போனேன். அவர்களுக்கு ஒரு பேஸ் ஆள் தேவைப்பட்டது. எனக்கு ஆம்ப்ளிஃபயர் தெரியும் என்பதால் கிடாரும் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்துவிட்டார், நான் மறுக்கவில்லை. வீணை செய்கிற ஆசாரி ஒருவர் பலாமரத்தில் எனக்கு ஒரு பேஸ் கிடார் இழைத்துக் கொடுத்தார். நாதம் அருமை. எடைதான் ஆட்டுக்குட்டியைத் தோளில் மாட்டிக்கொண்ட மாதிரி. அதற்கான ஒலிப்பெட்டியை நானே செய்தேன். பழைய வால்வு ரேடியோ இரண்டைக் கொன்று அதற்கு உயிர் கொடுத்தேன். இரண்டு வருடம் விரலில் தோல் உரிந்தது. பிறகு உரிவதற்குத் தோல் இல்லை. இவ்வளவுதான் என் குருகுலவாசம்.

ஆனால் சூசை மாஸ்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அக்கார்டியன் வாசிப்பார். வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ. வெயிலிலும் சேற்றிலும் அந்த ஷூ வெள்ளையாகவே இருக்கும், எப்படி என்று யாருக்கும் தெரியாது. ஓர் ஊருக்குப் போய் வேனிலிருந்து இறங்கியதும் வரவேற்பவர்களுக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால், கரன்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார். அடுத்து, மேடையிலிருந்து வேன் எவ்வளவு தூரம் என்று பார்ப்பார். அப்புறம்தான் வணக்கம். கச்சேரி நடக்கும்போது வாயைத் திறக்க மாட்டார். எல்லா உத்தரவும் இடது காலிலிருந்துதான் வரும். குதிகால் தரையில் தட்டிக்கொண்டிருந்தால் பாட்டு ஓடலாம். ஷூ முனை வெளியே திரும்பினால் அடுத்த சரணம். குதிகால் மேலே எழும்பி அப்படியே நின்றால், எந்த வரியில் இருந்தாலும் அடுத்த தட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும். பாடகி வசந்தா ஒருமுறை "கண்ணா" என்பதில் "கண்"ணோடு நிறுத்தியிருக்கிறார். அவ்வளவு பழக்கம். என்னை மட்டும் மாஸ்டர் தனியாக எச்சரித்திருந்தார்: "தனபால், நீ என் மூஞ்சியப் பாக்காத. மூஞ்சி பொய் சொல்லும். கால மட்டும் பாரு."

தரங்கம்பாடியில் ஒரு மாதா திருவிழா. கடல் காற்றில் ஈரம் ஏறி என் கிடார் கம்பியில் மின்சாரம் பாய்ந்தது. நான் துள்ளிய துள்ளலை நடனம் என்று நினைத்து மீனவத் தெருப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். மாஸ்டரின் குதிகால் தட்டிக்கொண்டே இருந்தது. எனவே நானும் துள்ளிக்கொண்டே வாசித்தேன். நிறுத்தலாமே என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒருவன் எப்படிப் பழக்கப்படுத்தப்பட்டிருந்தான் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

குழுவில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இரண்டு பாட்டுக்கு நடுவே மைக்கைப் பிடித்து அறிவிப்பு செய்வதும், பல குரலில் பேசிச் சிரிக்கவைப்பதும். வாசிப்பைவிட அதில்தான் எனக்குப் பெயர்.

வலங்கைமான் விசேஷத்துக்கு வருகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். மாசி மாதம், அறுப்புக் காலம். டெல்டா முழுக்க அப்போது கொதிநிலையில் இருந்தது. கூலிச் சண்டை, குத்தகைச் சண்டை, அங்கங்கே வைக்கோல் போர் எரிப்பு, முச்சந்தியில் போலீஸ் வேன். சாகுபடி செய்கிறவரைக் குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. வந்த சட்டம் தாலுக்கா ஆபீஸ்வரைக்கும் வந்திருந்தது. வயல்வரைக்கும் வந்ததா என்பதில்தான் அடிதடி.

அந்த ஊரின் பெரிய நிலக்காரர் வீட்டில் பேத்திக்குக் காதணி விழா. வீட்டு முன்னால் இருந்த களத்தில் பந்தல். கிழக்கு ஓரத்தில் இரண்டு மாட்டுவண்டிகளைச் சேர்த்துப் பலகை பரப்பி மேடை. பின்னால் படுதா. படுதாவுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், அதைத் தாண்டி ஒரு மூங்கில் கொல்லை, அதற்கும் அப்பால் வயல். எங்கள் வேன் வாய்க்கால் கரையில் நின்றது. மாஸ்டர் தூரத்தைக் கண்ணால் அளந்துவிட்டுத் தலையசைத்தார்.

அந்த வீட்டுக் காரியஸ்தர் வந்தார். நில விவகாரம், ஆள் கட்டு, வரவு செலவு எல்லாம் அவர் கையில். தங்கப்பல் கட்டியவர். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை.

"மாஸ்டரே, ஊரு ஜனம் பூரா வருது. எங்க ஆளு, அவங்க தெரு ஆளுன்னு வித்தியாசம் வைக்கல ஐயா. எல்லாருக்கும் பந்தி, எல்லாருக்கும் கச்சேரி. பொழுது சாயுற வரைக்கும் வாசிக்கணும். ஒண்ணே ஒண்ணு, நடுவுல பேச்சே வேணாம். பாட்டு முடிஞ்சா பாட்டு."

"அறிவிப்பு, காமெடி எல்லாம் உண்டுங்களே," என்றேன் நான்.

"தம்பி யாரு?"

"பேஸ் கிடார். அறிவிப்பும் நான்தான்."

"நீங்க வாயத் தொறக்கவே கூடாது," என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு என் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "இந்த தடிக் கம்பிப் பொட்டி நல்லா அதிருமாமே? அத நல்லா ஏத்தி வைங்க. ஜனங்களுக்கு நெஞ்சுல இடிக்கணும்."

என் வாழ்க்கையில் பேஸ் சத்தத்தைக் கூட்டச் சொல்லி ஒருவர் கேட்டது அன்றுதான் முதல்முறை. குறைக்கச் சொல்லித்தான் கேட்பார்கள். காமெடியை வெட்டியதில் வந்த கோபம் அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இறங்கிவிட்டது. இவ்வளவு ரசிகரா இந்த ஆள் என்று நினைத்தேன்.

பந்தி முடிந்து கூட்டம் வந்து உட்கார்ந்தது. நாற்காலிகளில் நிலக்காரர், வெளியூரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார், கரை வேட்டி கட்டிய ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர். அவர்களுக்கு முன்னால் தரையில் விரித்த ஜமுக்காளத்தில் ஊர். காரியஸ்தர் ஒரு அம்மாளைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்து சரியாக என் பெட்டிக்கு நேர் எதிரில் உட்காரவைத்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், சுருங்கிய நெற்றி, மடியில் வெற்றிலைச் சுருக்குப் பை.

என் பக்கத்தில் டிரம்ஸ் செல்வம். பாபநாசத்துக்காரன். வயல்காட்டில் பிறந்து தப்பித்து வந்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்வான். மெதுவாக என் காதில் சொன்னான்: "அது அஞ்சம்மா. ஆறு மா குத்தகை. ரெண்டு ஏக்கர். புருசன் செத்ததும் நெலத்த விட்டு எறங்கிக்கன்னாங்க. போய்யான்னு தாலுக்கா ஆபீஸ் போயி பேரு பதிஞ்சிருச்சு. அந்த அம்மாவ முன் வரிசையில உக்கார வச்சு உபசாரம் பண்றாங்கன்னா பெரிய மனசுதான்யா."

அஞ்சம்மா என்னைப் பார்த்து, "தம்பி, இந்தப் பொட்டி ரொம்ப இடிக்குமோ?" என்று கேட்டார்.

"காரியஸ்தர் உத்தரவுங்க," என்றேன்.

"அவரு சொன்னா இடிக்காம இருக்குமா," என்று வெற்றிலையைக் கிள்ளினார்.

கச்சேரி ஓடியது. ஒரு பாட்டு, அதன் வாலைப் பிடித்து அடுத்த பாட்டு. நான்காவதோ ஐந்தாவதோ பாட்டில் எனக்குள் ஒரு சந்தேகம் புகுந்தது. என் பெட்டியிலிருந்து தேவையில்லாத ஒரு சத்தம் வருவதுபோல் இருந்தது. தொப் என்று ஓர் அடி, சற்றுப் பொறுத்து இன்னோர் அடி. செல்வத்தின் தாளத்தோடு சேரவில்லை. ஸ்பீக்கர் காகிதம் கிழிந்துவிட்டது என்று முடிவு செய்தேன். நானே செய்த பெட்டி அல்லவா, எனக்கு அதன்மேல் நம்பிக்கையே கிடையாது. வாசித்துக்கொண்டே குனிந்து காதை வைத்தேன். பெட்டியில் ஒன்றும் இல்லை. நிமிர்ந்தால் மறுபடியும் தொப்.

"யோவ், நீ ஏன் இடையில உதைக்கிற?" என்றேன் செல்வத்திடம்.

"நான் எங்கய்யா உதைச்சேன்? நீதான் ஏதோ தட்டுற."

படுதா பின்னாலிருந்து வருகிறது என்று தோன்றியது. மேடையின் பின் மூலைதான் என் இடம். படுதாவில் ஒரு கிழிசல் இருந்தது. எட்டிப் பார்த்தேன்.

மூங்கில் கொல்லையின் இடைவெளியில் வயல். வயலில் வரிசையாக ஆட்கள். நாற்பது ஐம்பது பேர் குனிந்தபடி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் அரிவாள் வெயிலில் மின்னியது.

என் ரத்தம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. தலையில் இல்லை. செய்தித்தாளில் படித்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கண்முன் வந்தது. பண்ணை வீட்டு விசேஷத்தில் தாக்குதல், மெல்லிசைக் குழுவினர் உட்பட என்று ஒரு வரி, அந்த "உட்பட"வில் நான். பதுங்கிப் பதுங்கிக் குனிந்தே வருகிறார்களே, எவ்வளவு திட்டம்! என் கை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. மாஸ்டரின் குதிகால் தட்டிக்கொண்டிருந்ததே, வேறென்ன செய்யும்?

"செல்வம், வெட்ட வர்றாங்கய்யா. அரிவாளோட வர்றாங்க. அம்பது பேரு."

அவன் குச்சியை நிறுத்தாமல் கழுத்தை மட்டும் நீட்டிக் கிழிசல் வழியாகப் பார்த்தான். என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். பட்டணத்து ஆட்களுக்கென்று டெல்டாக்காரர்கள் தனியாக வைத்திருக்கிற பார்வை அது.

"ஆள வெட்ட வர்றவன் வழியெல்லாம் கதிர வெட்டிக்கிட்டா வருவான்? அறுப்புய்யா அது. கருக்கரிவாள்."

எனக்கு அவமானமாகவும் நிம்மதியாகவும் இருந்தது. அவமானத்தை விட்டுவிட்டு நிம்மதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நான்கு தட்டில் செல்வத்தின் முகம் மாறியது.

"தனபாலு. இந்த ஊரு ஆளு பூரா நம்ம முன்னாடி உக்காந்திருக்கு. அப்ப அறுக்குறது யாரு?"

நான் மறுபடி பார்த்தேன். இப்போது தெரிந்தது. அறுக்கிறவர்களுக்குப் பின்னால் வயலிலேயே ஒரு இடத்தைச் சமப்படுத்தி, சிலர் கதிர்க் கட்டுகளைத் தூக்கிப் பலகையில் அடித்துக்கொண்டிருந்தார்கள். தொப், தொப். பக்கத்தில் நெல் குவிந்துகொண்டிருந்தது. டிராக்டர் ஒன்று தயாராக நின்றது.

"வெளியூர் ஆளு," என்றான் செல்வம். "அது அந்த அம்மா வயலு. கட்டா இருந்தா யாரு நெல்லுன்னு சொல்லலாம். அடிச்சு மூட்டையில கட்டிக் கிடங்குல போட்டுட்டா நெல்லுக்கு மூஞ்சி ஏது? அந்த அம்மா சாகுபடியே பண்ணல, நாங்கதான் அறுத்தோம்னு எழுதிருவாங்க. நெலம் போச்சு."

கட்டடிக்கிற அந்தச் சத்தமும் என் தடித்த கம்பியின் சத்தமும் கிட்டத்தட்ட ஒரே கனம். ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டால் அடியில் இருப்பது தெரியாது. பேச்சு வேண்டாம், இடைவெளி வேண்டாம், பெட்டியை ஏத்து. அந்தத் தங்கப்பல் ரசிகரின் ரசனை எனக்கு முழுதாகப் புரிந்தது. அஞ்சம்மா எனக்கு எதிரில் உட்கார்ந்து, நெஞ்சில் இடிக்கிறதே என்று ஒரு கையால் மார்பைத் தடவிக்கொண்டு, பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் வயல் அங்கே போய்க்கொண்டிருந்தது. அதை மூடி மறைக்கிற வேலையை நான் நல்ல கால நிதானத்தோடு செய்துகொண்டிருந்தேன்.

பந்தலின் இரண்டு பக்கமும் தடியோடு ஆட்கள் நின்றதை அப்போதுதான் கவனித்தேன். கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் தொண்டர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மாஸ்டருக்கு எப்படிச் சொல்வது? அவர் முதுகு காட்டி நிற்கிறார். நான் வேண்டுமென்றே ஒரு சுரத்தைத் தப்பாக வாசித்தேன். அந்த ஒன்றுக்குத்தான் அவர் திரும்புவார். திரும்பினார். கொன்றுவிடுகிற கண். நான் தாடையால் படுதாவைக் காட்டினேன். அவர் அக்கார்டியனை இழுத்தபடியே இரண்டடி பின்னால் வந்து, கிழிசல் வழியாகப் பார்த்தார். செல்வம் நான்கு வார்த்தை சொன்னான். மாஸ்டர் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார்.

குதிகால் தட்டிக்கொண்டே இருந்தது.

அந்தப் பாட்டு முடிந்தது. இன்னொன்று தொடங்கியது. குதிகால் தட்டியது. எனக்கு வியர்த்து விரல் வழுக்கியது. இவரும் அவர்கள் ஆள்தானா? இல்லை, நம் பதினோரு பேர் உயிரைக் கணக்குப் போடுகிறாரா? அவர் அப்படிப் போட்டால் சரி என்று ஒரு மனது. தொப், தொப் என்று இன்னொரு மனது. நிறுத்தினால் தடிக்காரர்கள் மேடைக்கு வருவார்கள். மூலையில் நிற்பவனைத்தான் முதலில் அடிப்பார்கள், ஏனென்றால் மூலைக்குத்தான் படிக்கட்டு. நிறுத்தக் கூடாது, நிறுத்தியாக வேண்டும் என்று நான் இரண்டாகப் பிளந்து நிற்கையில், சரணத்தின் நடுவில், வசந்தா பாதி வரியில் இருக்கும்போது, அந்த வெள்ளை ஷூவின் குதிகால் மேலே எழும்பி நின்றது.

எல்லோரும் ஒரே தட்டில் நிறுத்தினோம்.

"ஸ்ருதி சேரல," என்றார் மாஸ்டர் மைக்கில். கச்சேரி நடுவில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "பேஸ், ஸ்ருதி பாரு. மத்தவங்க சத்தம் போடாதீங்க."

பந்தல் முழுக்க அமைதி. ஸ்ருதி சேர்க்கும்போது பேசினால் மரியாதை இல்லை என்று தஞ்சாவூர்ச் சீமையில் கைக்குழந்தைக்கும் தெரியும். நான் முறுக்காணியைத் தொட்டேன். தொட்ட கை ஆடிய ஆட்டத்தில், அதுவரை சரியாக இருந்த ஸ்ருதி உண்மையிலேயே போய்விட்டது. ஆக, நான் அன்று நடிக்கவில்லை. நேர்மையாகவே தேடிக்கொண்டிருந்தேன்.

தடிக்காரர்களில் ஒருவன் படியேறி வந்து என் தோளில் கை வைத்தான். "எவ்வளவு நேரம்?"

"இப்ப ஆயிரும்ணே. கம்பி தடி. மெதுவாத்தான் ஏறும்."

"சீக்கிரம்."

"அவசரப்பட்டா அறுந்துரும்ணே." அறுந்தால் உங்கள் கழுத்துவரை வரும் என்று சேர்த்துச் சொன்னேன். கை தோளிலிருந்து எடுபட்டது.

தொப். தொப். தொப்.

அஞ்சம்மாவின் கை வெற்றிலையில் நின்றது. தலை நிமிர்ந்தது. அந்தச் சத்தத்தை அவருக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

"யாரு கட்டடிக்கிறது?" என்றார். பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்து, "நம்ம எல்லாரும் இங்கதான இருக்கோம். அங்க யாருடி கட்டடிக்கிறது?"

ஜமுக்காளம் முழுக்க அந்தக் கேள்வி ஓடியது. எழுந்துவிட்டார்கள். ஆண்கள் துண்டை உதறிக் கட்டினார்கள். தடிக்காரர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடிவந்து, களத்திலிருந்து வாய்க்காலுக்குப் போகிற ஒரே வழியில், மேடையை ஒட்டி, குறுக்கே நின்றார்கள். அஞ்சம்மா முதல் ஆளாக அவர்கள் முன்னால் போய் நின்றார்.

"வழிய விடு."

"உக்காருங்க. பாட்டு இருக்குது."

"என் வயல்ல கட்டடிக்கிறான். வழிய விடுடா."

ஒரு தடி உயர்ந்தது. பின்னாலிருந்து யாரோ ஒரு நாற்காலியைத் தூக்கினார்கள். இன்னும் ஒரு மூச்சில் மண்டை உடையும். மாஸ்டர் மைக்கைப் பிடுங்கி என் கையில் திணித்தார்.

"பேசு."

"என்ன மாஸ்டர் பேச?"

"பேசு!"

எனக்கு என்ன பேசத் தெரியும்? விசேஷ வீட்டில் மைக்கைக் கொடுத்தால் என் வாயில் வருவது ஒன்றுதான். அதுவே வந்தது.

"அன்பார்ந்த பெரியோர்களே! தாய்மார்களே! கிழக்கு வயலில் அறுவடை செய்துகொண்டிருக்கும் அன்பர்களே! ஐயா அவர்கள் வீட்டுக் காதணி விழாவில் உங்களுக்கும் இலை போட்டுக் காத்திருக்கிறது. சாம்பார் இருக்கிறது, வத்தக்குழம்பு இருக்கிறது, பாயசம் இருக்கிறது. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு உடனடியாகப் பந்திக்கு வரும்படி ஐயா அவர்கள் உங்களை அன்போடு அழைக்கிறார்கள்!"

ஒலிபெருக்கிக் குழாய் எந்தப் பக்கம் பார்த்தாலும், அந்த வெட்டவெளியில் அழைப்பு போய்ச் சேரும். கட்டடிக்கிற சத்தம் நின்றது.

காரியஸ்தர் என்னைப் பார்த்த பார்வையில் தங்கப்பல்லைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து சம்பந்தி வீட்டுப் பெரியவர் கேட்டார்: "என்ன சம்பந்தி, விசேஷத்தன்னிக்கு அறுப்பா? யாரு வயலு?" கரை வேட்டிப் பிரமுகரும் திரும்பி நிலக்காரரைப் பார்த்தார். அவர்கள் கட்சிதான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது.

அதற்குள் வாய்க்கால் கரையில் தலைகள் தெரிந்தன. மேற்கே வறண்ட பக்கத்து ஆட்கள். முழங்கால்வரை வாய்க்கால் சேறு, தலையில் முண்டாசு. விடியலில் கிளம்பி வந்தவர்களுக்கு யாரும் கஞ்சிகூட ஊற்றியிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. அவர்களுடைய மேஸ்திரி களத்து ஓரத்தில் தயங்கி நின்றார்.

"சாப்பாடுன்னு சொன்னாங்களே?"

காதுகுத்து வீட்டு வாசலில் வந்து சாப்பாடு என்று கேட்டவனைத் திருப்பி அனுப்பினால் அந்தக் குழந்தைக்கு ஆகாது. சம்பந்தி முன்னால், கட்சிக்காரர் முன்னால், ஊர் முன்னால் அதை எவரும் செய்ய முடியாது. நிலக்காரர் எழுந்தார். முகத்தில் உப்பு வைத்தால் வெடிக்கும். இரண்டு கையையும் கூப்பினார்.

"வாங்க, வாங்க. பந்தி அந்தப் பக்கம். டேய், வழிய விடுங்கடா."

வருகிறவர்களுக்காகத் தடிக்காரர்கள் விலகினார்கள். விலகிய அதே வழியில், வருகிறவர்களை உரசிக்கொண்டு, அஞ்சம்மாவும் பெண்களும் வெளியே ஓடினார்கள்.

"மூட்டை கட்டு," என்றார் மாஸ்டர் எங்களிடம். பெட்டியை நான் தனியாளாகத் தூக்கினேன். அதற்கு முன்னும் பின்னும் மூன்று பேர் தூக்கிய பெட்டி அது.

வேன் நின்ற வாய்க்கால் கரையிலிருந்து மூங்கில் இடைவெளியில் வயல் நன்றாகத் தெரிந்தது, பேச்சும் கேட்டது. பாதிக்கு மேல் அறுத்திருந்தார்கள். அஞ்சம்மா நெல் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சுற்றிப் பெண்கள். காரியஸ்தரும் வந்துவிட்டார், பின்னாலேயே கரை வேட்டிப் பிரமுகர், "நான் வந்தது காதுகுத்துக்குய்யா" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு. பந்தியை முடித்த வெளியூர் ஆட்கள் வாயைத் துடைத்தபடி திரும்பி வந்தார்கள்.

"வேலை போதும், வண்டியில ஏறுங்க," என்றார் காரியஸ்தர்.

"கூலி?" என்றார் மேஸ்திரி.

காரியஸ்தர் பிரமுகரைப் பார்த்தார். இந்த இடத்தில் கூலி கொடுத்தால், பதிவான குத்தகை வயலை ஆள் வைத்து அறுத்தது நான்தான் என்று ஊரறியச் சொன்னதாகும். "அங்க வந்து வாங்கிக்க," என்றார் மெதுவாக.

"எங்க வந்து? வேலை இங்க செஞ்சோம்."

"நான் அளக்குறேன் கூலி," என்றார் அஞ்சம்மா குவியலின் மேலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள்.

"என் வயல்ல அறுத்தீங்க, கூலி என்கிட்டதான் வாங்கணும். மிச்சத்தையும் அறுத்து அடிச்சுக் குடுத்துட்டுப் போங்க. ஐயாவுக்கு அளக்க வேண்டிய குத்தகை நெல்ல நானே அனுப்பி வைக்கிறேன். டேய், மரக்கால எடுத்துட்டு வாங்கடா."

அவருடைய தெருவைச் சேர்ந்த ஒருவர் கோபமாக, "அக்கா, நம்ம கூலியத் தூக்கி இவனுங்களுக்கா?" என்றார்.

"அவங்க அடிக்கட்டும், நீங்க தூத்துங்க. ரெண்டு பேருக்கும் உண்டு. எவன் கூலி அளந்தான்னு நாளைக்குக் கேப்பாங்கடா தாலுக்கா ஆபீசுல. அப்பச் சொல்ல எனக்கு வாய் வேணும்ல."

நெல் அளக்கிற மரக்கால் வந்தது. மேஸ்திரி துண்டை விரித்தார். அவர் விரித்தபோது காரியஸ்தரின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். தலை தட்டிய மரக்காலை அஞ்சம்மா கவிழ்த்தார். ஒவ்வொருவராக வந்து வாங்கினார்கள். யார் வயல் என்று அதற்குப் பிறகு அங்கே யாரும் கேட்கவில்லை.

நாங்கள் வேனில் ஏறப் போனோம்.

"பாட்டுக்காரங்க எங்க போறீங்க?" அஞ்சம்மாவின் குரல். "நீங்களும்தான் என் வயல்ல வேலை பாத்திருக்கீங்க. வந்து வாங்கிட்டுப் போங்க."

காரியஸ்தர் வேன் பக்கம் வந்தார். குரல் உயரவில்லை. "மாஸ்டரே, வாங்கினா நீங்களும் சாட்சி. அப்புறம் இந்தத் தாலுக்காவுல எந்தப் பெரிய வீட்டு விசேஷத்துக்கும் உங்க வண்டி வராது. யோசிச்சுக்குங்க."

அவர் சொன்னபடிதான் நடந்தது. அடுத்த மூன்று வருடம் எங்களை மாதா கோவில்களும் பூம்புகார்ப் பக்கத்து மீனவ ஊர்களும்தான் காப்பாற்றின. ஆனால் அதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும். தடிக்காரர்கள் கரையில் நின்றார்கள். மாஸ்டர் தலை குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். ஷூ அசையவில்லை. உத்தரவு எதுவும் வரவில்லை. செல்வம் என்னைப் பார்த்தான்.

என் கால் வரப்பில் இறங்கியிருந்தது. துணிந்து இறங்கினேன் என்று அந்தக் கீபோர்டுப் பையனிடம் சொன்னேன். உண்மையில் ஓடுவதற்காக எடுத்துவைத்த காலாகவும் அது இருக்கலாம், திசை தப்பியிருக்கலாம். எப்படியோ குவியல் முன்னால் போய் நின்றுவிட்டேன். விரிக்கத் துண்டு இல்லை. கிடாரின் துணி உறையைக் கழற்றி இரண்டு கையாலும் வாயை விரித்துப் பிடித்தேன். முதுகுக்குப் பின்னால் காரியஸ்தரின் பார்வை, முன்னால் மரக்கால். அஞ்சம்மா நிறைய முகந்து, தலை தட்டாமல் அப்படியே உறைக்குள் கவிழ்த்தார். என் இரண்டு கையும் முழங்காலும் எதிரெதிர்த் தாளத்தில் ஆடின. நெல் உறையைச் சுற்றியெல்லாம் கொட்டியது.

"ஆடாமப் புடிங்க தம்பி," என்றார் அவர், அடுத்த மரக்காலை முகந்துகொண்டே. "நெல்லு சிந்துது."